ஸ்கோபியின் முடிவுறாத மன்றாட்டு

தவக்காலத் தியானம் நிறைவுற்று, தியானம் கொடுத்த குருவை வழியனுப்பிய மறுநாளே, இரு வகையான குறைகள் பங்கு இல்லத்தின் வாயிலுக்கு வந்து சேர்வது ஆண்டுதோறும் நாம் காணும் வழக்கம். முதலில் மூத்தவர்கள் வருவர். “முன்னெல்லாம் தியானம்னா நரகத்தைக் கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்துவாங்க சாமி. இப்ப அதப்பத்தி யாரும் பேசுறதே இல்ல. சனங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு” என்று வருந்துவர். அவர்கள் படியிறங்கிச் சென்ற சற்று நேரத்தில் கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் வருவார். “கடவுள் அன்பானவர் என்கிறீர்கள், அதே வாயால் தண்டனைத் தீர்வை என்கிறீர்கள். இரண்டில் எதை நாங்கள் நம்புவது, ஃபாதர்?” என்பார். இருவரும் கேட்டிருப்பது ஒரே மறையுரையைத்தான்.

இக்கேள்விக்கு ஏட்டில் விடை உண்டு. குருமடத்தில் அதனை நாம் பயின்றோம், தேர்விலும் எழுதினோம். ஆயினும் அவ்விடை நம் நெஞ்சில் இறங்கியது வகுப்பறையில் அன்று. ஒரு புதினத்தைப் படித்து, அதன்மீது பெருமதிப்புக் கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பின் அதனோடு மாறுபட்டு நின்றபோதே அது நமக்கு விளங்கலாயிற்று. கிரஹாம் கிரீன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்’ என்பதே அப்புதினம்.

கிரீன் பிறப்பால் கத்தோலிக்கர் அல்லர். தாம் மணக்கவிருந்த பெண் கத்தோலிக்கராயிருந்ததால் மறையை ஆராயப் புகுந்து, 1926இல் திருச்சபையில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய உளவுத்துறைப் பணிக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் சியேரா லியோனில் தங்கியிருந்தார். அந்தக் கடற்கரை நகரத்தின் புழுக்கமும், தகரக் கூரைகள்மேல் அமர்ந்திருக்கும் கழுகுகளும், காய்ச்சலும், அதிகாரிகளின் வம்புப் பேச்சும் இப்புதினத்தின் ஏடுதோறும் நிறைந்துள்ளன. 1991 ஏப்ரலில் அவர் மறைந்தார். நூலின் முகப்பில் பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் பெகுயின் கூற்றொன்று, பாவியைப் பற்றியது, பொறிக்கப்பட்டுள்ளது. அது தற்செயலன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கதை எளியது. ஹென்றி ஸ்கோபி காவல்துறையில் துணை ஆணையர். பதினைந்து ஆண்டுகளாக அக்குடியேற்ற நாட்டில் கையூட்டு வாங்காமல் பணிபுரிபவர். அவருடைய ஒரே மகள் இங்கிலாந்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டாள். மனைவி லூயிஸ் மீது அவருக்குக் காதல் வற்றிவிட்டது, எஞ்சியிருப்பது பரிதாபம். அவள் அவ்வூரை விட்டுத் தென்னாப்பிரிக்கா செல்ல விரும்புகிறாள் என்பதற்காக, கடத்தலில் ஐயத்திற்குள்ளான யூசெப் என்னும் சிரிய வணிகரிடம் கடன் வாங்குகிறார். அவள் சென்றபின், கப்பல் மூழ்கடிக்கப்பட்டுத் திறந்த படகில் நாற்பது நாள் மிதந்து கரைசேர்ந்தவர்களுள் ஒருத்தியான ஹெலன் என்னும் இளம் விதவையின்மீது அவருக்குப் பரிதாபம் பிறக்கிறது. அது பாவத்தில் முடிகிறது. மனைவி திரும்பி வந்து, தன்னோடு நற்கருணை வாங்க வருமாறு அழைக்கிறாள். போகாவிட்டால் அவள் மனம் உடையும். போனாலோ சாவான பாவத்தோடு ஆண்டவரின் உடலை உண்ண வேண்டும். ஸ்கோபி பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குச் செல்கிறார். ஹெலனை இனிச் சந்திப்பதில்லை என்னும் உறுதி அவரிடமிருந்து வராததால் ராங்க் அடிகளார் பாவமன்னிப்பு வழங்க இயலவில்லை. மன்னிப்புப் பெறாமலே அவர் நற்கருணை வாங்குகிறார். இறுதியில், இரு பெண்களையும் கடவுளையும் ஒருசேரத் தம்மிடமிருந்து விடுவிப்பதாக எண்ணிக்கொண்டு, நெஞ்சு நோயால் இறந்தவர்போல் தோன்றுமாறு நாட்குறிப்பில் பொய்க் குறிப்புகளை எழுதிவைத்துத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே இருவர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். கடவுள் நம்பிக்கையற்ற ஜார்ஜ் ஆர்வெல், நரகம் உண்டென்று உள்ளபடியே நம்புகிறவன் இரு பெண்களின் மனவருத்தத்தைத் தவிர்ப்பதற்காக அதில் விழத் துணிவானா என்று வினவினார். கிரீனின் நரகம் கத்தோலிக்கர்க்கு மட்டும் இடம் ஒதுக்கப்பட்ட உயர்குடியினர் கேளிக்கை விடுதி போலிருக்கிறதென்ற பொருளில் நகையாடவும் செய்தார். கிரீனைப் போலவே மனம் மாறிக் கத்தோலிக்கரான ஈவ்லின் வா, கடவுள்மீதுள்ள அன்பின் பெயராலேயே தன் அழிவை விரும்புதல் என்னும் கருத்து இறைநிந்தனையின் எல்லையைத் தொடுகிறதெனக் கண்டித்தார். ஆர்வெலின் கேள்வி நேர்மையானது என்றே நாம் கருதுகிறோம். எனினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கால் நூற்றாண்டு அமர்ந்திருந்தவர் எவரும் அக்கேள்வியை எழுப்பமாட்டார். நரகத்திற்கு நடுங்கிக்கொண்டே அதற்குரிய பாதையில் நாள்தோறும் நடக்கும் மனிதரை நாம் அறிவோம். ஆர்வெல் அறியார், அவ்வளவே.

குருமட மாணவராயிருந்தபோது இந்நூலை முதன்முதலாகப் படித்தோம். அன்று நம்மை ஆட்கொண்டது இறுதிக் காட்சி. கணவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதை அறிந்துகொண்ட லூயிஸ், அவருக்காக மன்றாடிப் பயனில்லை என்னும் கருத்தில் ராங்க் அடிகளாரிடம் பேசுகிறாள். அடிகளார் சினந்து புத்தகத்தைப் படாரென மூடுகிறார். இறைவனின் இரக்கத்தைப் பற்றித் தமக்கோ அவளுக்கோ ஏதேனும் தெரியும் என எண்ண வேண்டாம் என்கிறார். திருச்சபை விதிகளையெல்லாம் அறியும். ஒற்றை மனித இதயத்தினுள் நிகழ்வதை அறியாது என்பது அவர் வாதம். இருபத்துநான்கு வயது இளைஞருக்கு இதைவிட இனிக்கும் சொல் வேறுண்டோ? அப்பக்கத்தைக் கையால் எழுதித் திருப்புகழ்மாலை நூலினுள் செருகிவைத்திருந்தோம்.

இன்று அப்பக்கத்தை அவ்வாறு வைத்திருக்க மாட்டோம். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ராங்க் அடிகளாரின் சொற்களில் ஒரு பிளவு உள்ளது. ஒருபுறம் விதி, திருச்சபை, அச்சம். மறுபுறம் இதயம், கடவுள், இரக்கம். இப்பிளவு ஆறுதலளிப்பதாகத் தோன்றும். ஆனால் அதன் பொருள் யாது? இரக்கம் வேண்டுவோர் திருச்சபைக்கு வெளியே சென்று தேட வேண்டும் என்பதன்றோ! பங்கு இல்லத்தின் வாயிலில் நிற்கும் அந்த மூத்தவரும் அந்த இளைஞரும் இதே பிளவின் இரு கரைகளில் நிற்பவர்களே. ஒருவர் அச்சத்தைக் காக்க விரும்பி இரக்கத்தை ஐயுறுகிறார். மற்றவர் இரக்கத்தைக் காக்க விரும்பி அச்சத்தைக் களைய முற்படுகிறார்.

ஈண்டு நம் சிறுவயது நிகழ்ச்சியொன்றைக் கூற வேண்டியுள்ளது. 1981ஆம் ஆண்டு. நமக்குப் பத்து வயது; பீடச்சிறுவராயிருந்தோம். எந்தப் பங்கு என்பது வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பெண் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். அன்று நடைமுறையிலிருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1240ஆம் விதி, தெளிந்த மனத்தோடு தற்கொலை புரிந்தவர்க்கு, இறக்குமுன் மனந்திரும்பியதற்கான அடையாளம் இல்லையாயின், திருச்சபை அடக்கத்தை மறுத்தது. கோயில் மணி அடிக்கப்படவில்லை. சிலுவையும் மெழுகுதிரிகளும் புறப்படவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஓடைப் பக்கமாகக் குழி வெட்டினர். சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர்களுக்குப் பின்னால், சற்றுத் தொலைவில், எங்கள் பங்குத்தந்தை நடந்து வந்தார். துப்பட்டியும் இல்லை, தீர்த்தச் செம்பும் இல்லை. வெறும் அங்கியோடு வந்தார். சுவரோரம் நின்றார். கையில் செபமாலை இருந்தது. மண் மூடும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். எங்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

விதிக்குப் பணிந்தவர் அவரே. விதியால் நெஞ்சம் பிளந்தவரும் அவரே. ராங்க் அடிகளார் இரண்டாகப் பிரித்துக் காட்டியதை அம்மனிதர் ஒரே உடம்பில் சுமந்து நின்றார். பின்னாளில் சட்டம் படித்தபோது வேறொன்றும் அறிந்தோம். அந்தப் பழைய விதியின் இரண்டாம் பகுதி, ஐயம் எழுந்தால் ஆயரைக் கேட்க வேண்டும், ஐயம் தீராவிடில் இடறல் நேராதவாறு அடக்கத்தை அனுமதிக்க வேண்டும் என்றுதான் கூறுகிறது. ஐயத்தின் பயன் இறந்தவர்க்கே உரியது என வைத்திருந்தது அச்சட்டம். ஊர் வழக்கமோ சட்டத்தினும் கொடியதாயிருந்தது. 1983 நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 1184ஆம் விதியில் தற்கொலை புரிந்தோர் பற்றிய பேச்சே இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இவர்களின் நிலைவாழ்வைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும், கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் மனந்திரும்பும் வாய்ப்பை அளிக்க வல்லவர் என்றும் 2282, 2283ஆம் எண்களில் கற்பிக்கிறது. அச்செயல் பெரும் தீமை என்பதை அந்நூல் ஒரு சொல்லாலும் தளர்த்தவில்லை என்பதையும் உடன் கூற வேண்டும்.

மீண்டும் ஸ்கோபியிடம் வருவோம்.

அவரிடம் குறைந்திருப்பது எது? அச்சம் என்று எளிதில் சொல்ல முடியாது. நரகம் இருக்கிறதென்பதை அவர் ஒரு கணமும் ஐயுறவில்லை. இரக்கம் என்றும் சொல்ல முடியாது. பெண்டே என்னும் ஊரில் இறந்துகொண்டிருக்கும் ஆறு வயதுச் சிறுமியின் தலைமாட்டில் அமர்ந்து, கைக்குட்டையால் முயல் நிழல் காட்டி, தம் மன அமைதியை என்றென்றைக்குமாக எடுத்துக்கொண்டு அக்குழந்தைக்கு அமைதி தருமாறு கடவுளிடம் வேண்டுகிற மனிதர் அவர். அப்பக்கங்களைக் கண்ணீரின்றிப் படிப்பது அரிது. தூக்கிட்டு மாண்ட பெம்பர்ட்டன் என்னும் இளம் அதிகாரியைக் குறித்துக் கிளே அடிகளார் திருச்சபையின் போதனையை எடுத்துக் கூறும்போது, இளையோர்மீது கடவுள் இரங்கமாட்டார் எனத் திருச்சபையாலும் தமக்குக் கற்பிக்க முடியாதென்று எதிர்த்துப் பேசுகிறவரும் இவரே. பிறர்பொருட்டு இறை இரக்கத்தை இவ்வளவு உறுதியாக நம்பும் இவர் அதே இரக்கத்தைத் தமக்கென்று ஏற்க மறுப்பதேன்?

விடை, இறுதி நாள்களில் அவர் கோயிலில் அமர்ந்து கடவுளோடு உரையாடும் காட்சியில் உள்ளது. புதினத்தின் உயிர்நிலை ராங்க் அடிகளாரின் சினம் அன்று, இக்காட்சியே ஆகும். தம்மால் கடவுளை இனியும் அடித்துக்கொண்டிருக்க முடியாது என்கிறார் ஸ்கோபி. பலிபீடத்தில் தம் அடிகளால் காயமுற்ற முகமொன்றை அவர் காண்கிறார். தாம் விலகிச் சென்றால் கடவுள் நிம்மதியடைவார் என எண்ணுகிறார். உள்ளிருந்து ஒரு குரல் மன்றாடுகிறது: வாழ்ந்திரு, அப்பெண்களை என் பொறுப்பில் விடு என்ற பொருளில். ஸ்கோபியின் பதில் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. தாம் அவரை ஒருபோதும் நம்பியதில்லை என்கிறார் அவர். பொறுப்பின் சுமையைத் தாமே சுமந்தாக வேண்டும். வேறெவரிடமும், கடவுளிடமும், ஒப்படைக்க இயலாது.

இங்கே தமிழ் நமக்குத் துணை செய்கிறது. பரிதாபம் வேறு, இரக்கம் வேறு. பரிதாபப்படுகிறவர் மேட்டில் நின்று பள்ளத்தில் கிடப்பவரைப் பார்க்கிறார். ஸ்கோபிக்கு மனைவிமீது பரிதாபம், ஹெலன்மீது பரிதாபம். இறுதியில் கடவுள்மீதே பரிதாபம். தாம் காப்பாற்ற வேண்டியவர்களின் பட்டியலில் கடவுளையும் சேர்த்துவிடுகிறார். எல்லார்க்கும் இரங்குகிற இடத்தில் தாமே நிற்பதால், தமக்கு இரங்குவோர் ஒருவர் உண்டென்பதை அவர் உணர்வதற்கு இடமே இல்லாமற் போகிறது. 1980இல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவு நூலில் கிரீனே இதனை ஏறத்தாழ ஒப்புக்கொண்டுள்ளார். பரிதாபம் என்பது அளவிறந்த செருக்கின் வெளிப்பாடாக இருக்கக்கூடும் எனக் காட்டவே ஸ்கோபியைப் படைத்ததாகவும், வாசகர்கள் அவரை அவ்வாறு காணாமல் நல்லவராகவே கண்டுவிட்டதாகவும், அவருடைய மனச்சான்றின் உறுத்தல்களை அளவுக்கு மிஞ்சித் தீட்டிவிட்டதாகவும் அவர் குறைபட்டுக்கொள்கிறார். ஆசிரியர் தம் நூலைக் குறைகூறும்போது அதை அப்படியே ஏற்பது திறனாய்வாளர்க்கு அழகன்று என்பர். இவ்விடத்தில் ஏற்கிறோம். ராங்க் அடிகளாருக்கு அவ்வளவு ஒலிமிக்க வசனத்தைக் கொடுத்து வாசகரை அத்திசையில் திருப்பிவிட்டவரும் கிரீன்தாம் என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

அப்படியாயின் ஸ்கோபியிடம் குறைவது நம்பிக்கையோடு கூடிய அச்சம் எனலாம். இச்சொற்றொடர் விந்தையாகத் தோன்றும். தூய அக்குவினாஸ் தோமாவின் இறையியல் தொகுப்பை அறிந்தோர்க்கு விந்தையன்று. அந்நூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், பதினேழாம் வினாவிலிருந்து எதிர்நோக்கு என்னும் புண்ணியத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்குகிறார். அடுத்துப் பத்தொன்பதாம் வினாவில் தெய்வபயம் என்னும் கொடையை விளக்குகிறார். அதன்பின் அவநம்பிக்கையும், மட்டுமீறிய நம்பிக்கையும் எதிர்நோக்குக்கு எதிரான பாவங்களாக வருகின்றன. அச்சத்தை அவர் நீதிக்குரிய பகுதியில் வைக்கவில்லை. நரகத்தைப் பற்றிய பகுதியிலும் வைக்கவில்லை. எதிர்நோக்கின் வீட்டினுள், அதன் உடன்பிறப்பாகக் குடியமர்த்தியுள்ளார். குருமடத்தில் இப்பகுதியை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறோம். இந்த வைப்புமுறையின் பொருளைக் கவனித்தோமில்லை.

தோமா பிரித்துக் காட்டும் அச்ச வகைகளுள் இரண்டு இங்கு நோக்கத்தக்கவை. தண்டனைக்கு அஞ்சுவது அடிமையின் அச்சம். தந்தையை விட்டுப் பிரிய நேருமோ என்று அஞ்சுவது பிள்ளையின் அச்சம். அன்பு வளர வளர முன்னது தேய்கிறது, பின்னது வளர்கிறது. விண்ணகத்திலும் பிள்ளையின் அச்சம் வேறொரு வகையில் நிலைத்திருக்கும் என்பது அவர் கருத்து. அவருக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்னரே தூய அகுஸ்தீனார், யோவானின் முதல் திருமுகத்திற்கு எழுதிய விளக்கத்தில், இதனை வீட்டுக் கதையாகவே சொல்லியிருக்கிறார். இரு மனைவியரும் கணவனுக்கு அஞ்சுகின்றனர். ஒருத்தி அவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். மற்றவள் அவன் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். இதற்குமேல் விளக்கம் எதற்கு?

அதற்காக அடிமையின் அச்சத்தை நாம் இகழவும் கூடாது. தண்டனைக்கு அஞ்சி எழும் நிறைவற்ற மனத்துயரும் கடவுளின் கொடையே, தூய ஆவியாரின் தூண்டுதலே, ஒப்புரவு அருட்சாதனத்தில் அருளைப் பெற அது மனிதரை ஆயத்தம் செய்கிறது என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் அறிவித்தது. நம் மூத்தவர்கள் கேட்ட நரகத் தியானங்கள் பலரைக் கோயிலுக்குக் கொண்டுவந்தன என்பது மெய். வந்தவர்களை வாயிற்படியிலேயே நிறுத்திவைத்தோமோ என்பதே நம் கவலை. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1916இல் வெளியிட்ட தன்வரலாற்றுச் சாயலுள்ள புதினத்தில் அத்தகைய தியானம் ஒன்று வருகிறது. சிறுவன் ஸ்டீபன் நரகப் பிரசங்கம் கேட்டு நடுங்கி, ஓடிப்போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். சில நாள் கடுந்தவம் புரிகிறான். பின்னர் மறையை விட்டே விலகுகிறான். உள்ளே அழைத்துச் செல்வார் இல்லாத அச்சம் அது.

மறுபக்கமும் உண்டு. இரண்டாயிரமாம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறாக ஏற்படுத்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் யூபிலி ஆண்டை அறிவித்தார். நம் பங்கிலும் வளைவு கட்டினோம், நவநாள் நடத்தினோம். அவ்வாண்டில் பாவசங்கீர்த்தனத்திற்கு வந்தவர்கள் முன்னைவிட மிகுதியாயிருந்தனர் என்பது மகிழ்ச்சி. ஆனால் “கடவுள் எப்படியும் மன்னிச்சிருவாரு ஃபாதர்” என்று புன்னகையோடு தொடங்கியவர்களும் இருந்தனர். தோமா இருபத்தோராம் வினாவில் பேசுகிற மட்டுமீறிய நம்பிக்கை இதுவே. அவநம்பிக்கையும் இதுவும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் கடவுளை நோக்கி ஏங்க வேண்டிய தேவை இல்லை. ஒன்றுக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. மற்றொன்றுக்கு எல்லாம் கைக்கு வந்துவிட்டது.

ஆர்ஸ் நகர்ப் பங்குத்தந்தை தூய யோவான் மரிய வியான்னி, பணியேற்ற தொடக்கத்தில் கடுமையான நரகப் பிரசங்கங்கள் செய்தவர். பாவமன்னிப்பு அளிப்பதையும் பலமுறை தள்ளிப்போட்டவர். பிற்காலத்தில் தூய அல்போன்ஸ் லிகோரியாரின் ஒழுக்கவியல் அவரை மென்மையாக்கியது. கணவர் பாலத்திலிருந்து குதித்து மாண்டதால் நம்பிக்கையிழந்து வந்த விதவை ஒருத்தியிடம், பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மனம் வருந்த அவருக்கு நேரம் கிடைத்தது என்று அவர் ஆறுதல் கூறியதாக வழங்கிவருகிறது. நரகத்தைப் பற்றி அவ்வளவு பேசிய வாய்தான் இதையும் சொன்னது. நரகத்தை நம்பாதவருக்கு அந்தச் சிறு இடைவெளியின் அருமை எங்ஙனம் தெரியும்?

நூலின் முகப்பில் பெகுயைக் கிரீன் நிறுத்தியதன் பொருள் இப்போது விளங்கும். பெகுய், எவரும் அழிந்துபோவதைத் தாங்க முடியாமல் இளமையில் மறையை விட்டு விலகி, பின் விசுவாசத்துக்குத் திரும்பியும் பல ஆண்டு அருட்சாதனங்களைப் பெறாமல் வாழ்ந்து, 1914 செப்டம்பரில் போர்க்களத்தில் மாண்டவர். கிரீனின் முந்தைய புதினமான ‘பிரைட்டன் ராக்’ நூலின் (1938) முடிவில், பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருக்கும் முதிய குரு பெயர் கூறாமல் எடுத்துரைக்கும் பிரெஞ்சுக்காரர் இவரே. பிறர் அழிவைக் குறித்த அச்சத்தால் தன்னையே வாயிலுக்கு வெளியே நிறுத்திக்கொண்டவரின் நிழலில்தான் ஸ்கோபி உருவானார்.

இதுகாறும் கூறியதெல்லாம் ஏட்டு விடையின் விரிவே என்று வாசகர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு தாய் வந்தார். அவர் மகன் ஸ்கோபியைப் போலவே இறந்தவன். இம்முறை மணி அடித்தது, சிலுவை முன்சென்றது, நாமே திருப்பலி நிறைவேற்றி, சுவருக்கு உள்ளே அடக்கம் செய்தோம். ஏழாம் நாள் அவர் வந்து பங்கு இல்லத்துத் தரையில் அமர்ந்தார். மறைக்கல்வி நூல் கூறுவதை எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, “எல்லாஞ் சரி சாமி. அவன் காதுல மந்திரம் சொல்ல ஒருத்தர் இல்லாமப் போயிட்டானே” என்றார்.

நம் இல்லங்களில் உயிர் பிரியும் தறுவாயில் உள்ளவர் காதருகே உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லும் வழக்கத்தை வாசகர் அறிவர். அத்தாயின் துயரம் நரகத்தைப் பற்றியது மட்டுமன்று. மகன் தனியே போனான். சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனான். அன்றிரவு ஸ்கோபியின் இறுதிப் பக்கங்களை மீண்டும் எடுத்தோம். நாம் முன்னர்க் கவனியாது விட்ட ஒன்று அங்கே இருந்தது. மயக்கம் கவியும்போது ஸ்கோபி மனத்துயர் மன்றாட்டைச் சொல்ல முயல்கிறார். எதற்காக வருந்த வேண்டும் என்பதே அவருக்கு நினைவுக்கு வரவில்லை. யாரோ தம்மைத் தேடிவந்து, உதவி கேட்டு அழைப்பதுபோல் தோன்றுகிறது. எழுந்து பதில் கூற முற்படுகிறார். கடவுளை விளித்து, அன்பு செய்வதாகச் சொல்லத் தொடங்குகிறார். வாக்கியம் முடியவில்லை. யாரை என்ற சொல் வருமுன் விழுந்துவிடுகிறார். அவரிடமிருந்த பதக்கம் நாணயம்போல் தரையில் உருண்டோடுகிறது.

திறனாய்வாளர்கள் அந்த முடியாத வாக்கியத்தின் செயப்படுபொருள் யார், கடவுளா, மனைவியா, ஹெலனா என்று ஆராய்வர். ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் மனத்துயர் மன்றாட்டு வடிவமொன்றில் விண்ணகத்தை இழத்தலும் நரக வேதனையும் பெயர் சுட்டிக் கூறப்படுகின்றன. அன்பு அவற்றை அடுத்து வருகிறது. நாம் குழந்தைப் பருவம் முதல் மனப்பாடமாகச் சொல்லிவரும் தமிழ் மந்திரத்தை வாசகர் இப்போது மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். அது கடவுளின் நன்மையிலும் அவர்மீது நாம் கொண்ட நேசத்திலும் தொடங்குகிறது. மனஸ்தாபம் அதன் பின்னரே வருகிறது. நமக்குப் பலம் போதாமையை ஒப்புக்கொண்டு, மீட்பரின் திரு இரத்தத்தை நம்பி மோட்சத்தைக் கேட்கிறது. நரகம் என்னும் சொல் அதில் எங்குமே இல்லை. எனினும் அதனை அச்சமின்றிச் சொன்ன எவரையும் நாம் சாவுப் படுக்கையில் கண்டதில்லை. பயபக்தி என்று அச்சத்தையும் பக்தியையும் ஒரே சொல்லாக்கி வைத்த நம் முன்னோர் இம்மன்றாட்டை இப்படித்தான் சொன்னார்கள் போலும்.

ஸ்கோபி, தம்மையறியாமல், நம் மந்திரத்தின் முதல் வாக்கியத்தில் விழுந்திருக்கிறார். அது அவருக்குப் போதுமானதா என்பதைத் தீர்ப்பவர் நாம் அல்லோம், கிரீனும் அல்லர். ஆயினும் அவ்விடத்தில் ஒருவர் அருகிலிருந்து எஞ்சிய வரிகளைச் சொல்லியிருக்கக்கூடும் என்ற எண்ணம் நம்மை விடவில்லை. ராங்க் அடிகளாரின் பிளவுக்கு நம் மறுமொழியும் அதுதான். ஒற்றை இதயத்தினுள் நிகழ்வதைத் திருச்சபை அறியாதிருக்கலாம். அவ்விதயம் சொல்லி முடியாததை அருகிலிருந்து சொல்வதற்கு அதனால் இயலும்.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள், கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரிசையாகச் சென்றபோது, அத்தாய் மகனின் கல்லறையருகே மண்டியிட்டிருந்தார். பூவும் மெழுகுதிரியும் வைத்தாயிற்று. குனிந்து, மண்ணுக்கு வாய் வைத்தாற்போல், உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலம் கடந்துவிட்டதென்று இறையியல் படித்த நாம் அவரிடம் சொல்லவில்லை. கடவுளுக்குக் காலம் எப்படிப்பட்டது என்பதும் அதே இறையியலில்தான் இருக்கிறது. தீர்த்தச் செம்பைப் பீடச்சிறுவனிடம் கொடுத்துவிட்டு, அவரருகில் மண்டியிட்டு, அவர் விட்ட வரியிலிருந்து நாமும் சேர்ந்து சொன்னோம். பீடச்சிறுவனுக்கும் பத்து வயதுதான் இருக்கும். அவனுக்கும் மந்திரம் தெரிந்திருந்தது.